ரெண்டு டிப்பர் குப்பை எங்கே போச்சு?

மதுரை மாவட்டத்தில் கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் செவல் காடு, அதாவது செம்மண் நிலம், இருக்கிறது. மானாவாரி. கடலை போடுவார், மழை ஒத்துழைத்தால் ஊடுபயிராகத் துவரையும் வரும். போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது மண்வள அட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். 'அங்ககக் கரிமம்' (மண்ணில் மக்கிய பொருளில் இருக்கிற கார்பன்) என்ற வரிக்கு நேரே 0.34 சதவீதம், பக்கத்தில் 'குறைவு'. 0.5-க்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேலே போனால் அதிகம் என்பது கணக்கு. மூன்று வருடத்துக்கு முந்தைய அட்டையிலும் ஏறக்குறைய இதே எண்தான். நடுவில் ஒவ்வோர் ஆடியிலும் ஏக்கருக்கு இரண்டு டிப்பர் குப்பை அடித்திருக்கிறார்.

"அம்புட்டும் எங்கப்பா போச்சு? எவனும் அள்ளிட்டுப் போகலையே" என்றார்.

பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது. கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும்.

இரண்டு டிப்பரை எடையாக்கினால் 5 டன் என்று வைத்துக்கொள்ளலாம். ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் என்று பரிந்துரைப்பதும் ஏக்கருக்கு இதே அளவுதான். 5 டன்னில் பாதி ஈரம். மீதி இரண்டரை டன்னில் தொழுவத் தரையிலிருந்து சுரண்டி வந்த மண், அடுப்புச் சாம்பல் எல்லாம் போக, மக்கக்கூடிய பொருள் ஒன்றேகால் டன் தேறும். அதில் பாதியளவு கார்பன், சுமார் 600 கிலோ. நிலத்தில் விழுந்த ஓராண்டுக்குள் இதில் மூன்றில் இரண்டு பங்கை நுண்ணுயிர்கள் தின்று, நாம் மூச்சு விடுகிற மாதிரியே கரியமில வாயுவாக வெளியே விட்டுவிடும். மிஞ்சுவது 200 கிலோ. ஓர் ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல்மண் 900 டன் இருக்கும். 900 டன்னில் 200 கிலோ என்றால் 0.02 சதவீதம்.

அதோடு விட்டதா என்றால், இல்லை. ஏற்கனவே மண்ணில் இருக்கிற 0.34 சதவீதம் என்பது ஏக்கருக்கு 3 டன் கார்பன். அதுவும் கரைந்துகொண்டேதான் இருக்கிறது. வருடத்துக்கு நூற்றுக்கு 3 வீதம் என்று வைத்தாலே 90 கிலோ போய்விடும். வரவு 200, செலவு 90. காட்டின் இந்த மூலையில் எடுத்த மண்ணுக்கும் அந்த மூலையில் எடுத்த மண்ணுக்கும் இருக்கிற வித்தியாசமே இதைவிட அதிகம். சித்தப்பாவின் மூன்று வருட உழைப்பு அட்டையில் தெரியாமல் போனதற்கு அட்டையைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை.

வெயிலுக்கும் இதில் பங்குண்டு. ஈரம் இருக்கும்வரை, வெப்பம் 10 டிகிரி ஏறினால் மக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆண்டுச் சராசரி 10 டிகிரி இருக்கிற ஐரோப்பிய வயலையும் 28 டிகிரிக்கு மேல் இருக்கிற மதுரை வட்டாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அங்கே நாலு வருடம் கிடக்கிற சருகு இங்கே ஒரு வருடத்தில் காணாமல் போகும். நல்ல வேளையாக சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து கிடப்பதால் நுண்ணுயிர்கள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றுக்கு விருந்து, சூடும் ஈரமும் ஒன்றாகச் சேரும் புரட்டாசி, ஐப்பசியில்தான்.

சரி, மிஞ்சுகிற அந்த 200 கிலோ என்ன ஆகிறது? அதைத்தான் பாடப்புத்தகம் 'மட்கு' என்கிறது. ஊரில் 'மக்கு'. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரில் திட்டு வாங்கியவர்கள் வருத்தப்படத் தேவையில்லை. மண்ணிலேயே விலை உயர்ந்த சரக்கு அதுதான்.

மட்கு என்றால் என்ன என்ற கேள்விக்கு வேதியியல் சொன்ன பதில் இரண்டு நூற்றாண்டுகளாக ஒரே தடத்தில் ஓடியது. 1786-இல் ஜெர்மனியில் ஆக்கார்டு என்பவர் கரிச்சேற்று மண்ணைக் காரக் கரைசலில் போட்டுக் கருநிறச் சாறு ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதன்பின் எல்லாரும் அதே வழிதான். மண் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு இதைச் செய்து காட்டினார். மக்கிய குப்பையில் காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றிக் குலுக்கி வைத்தார். மறுநாள் வடித்தபோது வரக்காப்பி நிறத்தில் இறங்கியது. அதில் சொட்டுச் சொட்டாக அமிலம் விட, காப்பி திரிந்து பழுப்புத் திப்பிகள் அடியில் படிந்தன. இப்படிப் படிவது ஹியூமிக் அமிலம். மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் நீரில் இருப்பது ஃபுல்விக் அமிலம். எதிலும் கரையாமல் முதலிலேயே அடியில் தங்கிவிட்டது ஹியூமின். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மட்கு, இவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட ராட்சத மூலக்கூறுகள், அதனால்தான் நுண்ணுயிர்களால் கடிக்க முடியவில்லை என்று தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள்.

உரக்கடைகளில் 'ஹியூமிக்' என்று பாட்டிலில் விற்பதும் இந்தக் கருஞ்சாற்றின் உறவுதான். அதில் பெரும்பாலானவை குப்பையிலிருந்து வருவதில்லை, பழுப்பு நிலக்கரி வகைகளைக் காரத்தில் கரைத்து எடுப்பவை. வேரைக் கொஞ்சம் தூண்டிவிடும் என்று சொல்ல இடமிருக்கிறது. ஆனால் ஏக்கருக்கு இரண்டு லிட்டர் ஊற்றினால் மண்ணில் மட்கு கூடிவிடும் என்று கடைக்காரர் சொன்னால், 900 டன் கணக்கை அவருக்கு ஒருமுறை சொல்லிக் காட்டலாம். நானும் ஒரு காலத்தில் வாங்கி ஊற்றியவன்தான், அதனால் இதைச் சொல்கிறேன்.

அந்த ராட்சத மூலக்கூறு கதையில் இப்போது பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. நண்பரின் குடுவையில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். எந்த மண்ணிலும் இயற்கையாக இல்லாத கடும் காரத்தை ஊற்றியிருக்கிறோம். வந்த சாறு மண்ணில் அப்படியே இருந்ததா, அல்லது காரம் பிய்த்து எடுத்தபோது உருவானதா? மண்ணைக் கலைக்காமலே பார்க்கிற கருவிகள் வந்தபின், எதிர்பார்த்த ராட்சதர்கள் அங்கே காணப்படவில்லை. சர்க்கரை, புரதம், கொழுப்பு, செடிக்கு மரத்தன்மை தருகிற லிக்னின் இவற்றின் உடைந்த துணுக்குகள்தான் பல அளவுகளில் கிடந்தன. 2015-இல் யோகன்னஸ் லேமன், மார்க்குஸ் கிளேபர் இருவரும் 'நேச்சர்' இதழில் இதை எடுத்து வைத்தார்கள்: மட்கு என்று தனியாக ஒரு பொருள் உருவாவதில்லை, சருகு முதல் கரியமில வாயு வரை நொறுங்கிக்கொண்டே போகிற பயணத்தில் ஆங்காங்கே தங்கி நிற்பவற்றைத்தான் நாம் மட்கு என்கிறோம் என்பது அவர்கள் வாதம். இதை ஏற்காதவர்களும் மண்ணியலாளர்களில் உண்டு. எனக்கு இந்த வாதம்தான் நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் சித்தப்பாவின் கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது. தங்குவதற்கு இடம் இருந்தால்தானே தங்கும்?

அந்த இடம் எது என்று பார்க்க, ஒரு வேப்பிலையை எடுத்துக்கொள்வோம். மண்ணில் விழுந்ததும் அதிலுள்ள சர்க்கரையும் மாவும் சில நாளில் தீர்ந்துவிடும், புரதம் அடுத்து. செல்லுலோஸ் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இழுக்கும். நரம்பிலும் காம்பிலும் இருக்கிற லிக்னின் கடைசி. அதை நன்றாகக் கடிக்கப் பெரும்பாலும் பூஞ்சைகளால்தான் முடியும். ரொம்ப நாள் நிற்கிற லிக்னின்தான் மட்கு ஆகும் என்று நினைத்தால், அதுவும் பாதி உண்மைதான். சர்க்கரையைத் தின்ற பாக்டீரியா பெருகுகிறது, சாகிறது. அதன் உடற்கூடு, பிசின், சுவரின் துணுக்குகள் பக்கத்தில் இருக்கிற களிமண் துகளில் ஒட்டிக்கொள்கின்றன. நீண்ட நாள் தங்குகிற மட்கில் நுண்ணுயிர்களின் பிணங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சீக்கிரம் செரிக்கிற உணவு அதிகப் பாக்டீரியாவை வளர்த்து, அதனாலேயே நாள்பட்ட மட்கையும் கூட்டும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் பசுந்தாள் உரம் வேலை செய்வதில் இதற்கும் பங்கு இருக்கிறது.

ஒட்டுவது எப்படி? மட்குத் துணுக்குகளின் ஓரங்களில் கார்பாக்சில் என்கிற அமிலத் தொகுதிகள் நிறைய உண்டு. மண் ஈரத்தில் அவை ஹைட்ரஜனைக் கழற்றி விட்டு எதிர்மின்னூட்டத்தோடு நிற்கும். களித் துகளின் முகமும் எதிர்மின்னூட்டம்தான். எதிரும் எதிரும் சேராது, நடுவில் ஒரு தரகர் வேண்டும். கால்சியம் அந்தத் தரகர். இரண்டு நேர்மின்னூட்டம் உள்ளதால் ஒரு கையால் களியையும் மறு கையால் மட்கையும் பிடித்துக்கொள்கிறது. செம்மண்ணின் சிவப்புக்குக் காரணமான இரும்பு ஆக்சைடுக்குத் தரகர்கூட வேண்டாம், கார்பாக்சிலை நேரடியாகவே பிடித்துக்கொள்ளும். ஒட்டிய துணுக்கை நுண்ணுயிரின் நொதி எட்ட முடியாது. எளிதில் செரிக்கிற சாதாரணச் சர்க்கரைத் துணுக்குகூட இப்படி ஒளிந்துகொண்டு பல பத்தாண்டுகள் இருக்கும். களி, மட்கு, பூஞ்சை இழை, வேர்ப் பிசின் எல்லாம் சேர்ந்து கடுகு, மிளகு அளவில் மணிமணியாகக் கட்டிக்கொண்டால், அந்த மணிக்குள் காற்றே சரியாகப் போகாது. அது இன்னொரு பூட்டு.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. சித்தப்பா வீட்டிலேயே இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வைத்தோம். உழுத காட்டிலிருந்து காய்ந்த கட்டி ஒன்று, வேலியோர வேப்பமரத்தடியிலிருந்து ஒன்று, இரண்டும் எலுமிச்சை அளவு. காட்டுக் கட்டியைப் போட்டதும் குமிழ் குமிழாகக் காற்று வந்தது, ஒரு நிமிடத்துக்குள் பொலபொலவென்று சரிந்து மணல் அடியிலும் செம்புழுதி மேலுமாகப் பிரிந்துவிட்டது. தண்ணீர் செங்காவி. வேப்பமரத்தடிக் கட்டியும் குமிழ் விட்டது, ஆனால் உடையவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் அதன் மேல் விளிம்பு அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே பாறை கரைந்து வந்த மண், நடுவில் தூரம் இருபதடிதான். ஒன்றில் வருடா வருடம் கலப்பை ஓடுகிறது, மற்றொன்றில் சருகு விழுந்து கிடக்கிறது.

மட்கைப் பிடித்துவைக்கிற அதே மின்னூட்டம்தான் பயிருக்கும் சோறு பிடித்துவைக்கிறது. அமோனியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் நேர்மின்னூட்டம் கொண்டவை, மட்கின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு வேர் கேட்கும்போது இறங்கும். எடைக்கு எடை பார்த்தால், செவலில் இருக்கும் கேயோலினைட் களியைவிட மட்கு பத்து மடங்குக்குக் குறையாமல் பிடிக்கும். கரிசல் களியோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு.

கரிசல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் கருகருவென்று கிடக்கிற கரிசலைப் பார்த்து, மக்கு நிறைய இருப்பதால்தான் கருப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சோதித்துப் பார்த்தால் அங்கேயும் பல காடுகளில் அங்ககக் கரிமம் அரை சதவீதத்தைத் தாண்டாது. இருக்கிற கொஞ்ச மட்கு ஸ்மெக்டைட் என்கிற களியோடு மிக நெருக்கமாகப் பூசிக்கொண்டிருப்பதால், சுண்ணாம்பில் சொட்டு நீலம் விட்டமாதிரி மண் முழுக்க நிறம் ஏறிவிடுகிறது. நிறத்தை வைத்து மட்கின் அளவைச் சொல்வது நம்மூரில் பலிக்காது. மேலூர் நஞ்சையில் வெளிர் நிற வயல்கூட அட்டையில் கரிசலை முந்துவதுண்டு. பெரியாறு கால்வாய்த் தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் காற்று புகாது, காற்றில்லாமல் மக்குவது மெதுவாக நடக்கும், அதனால் தேங்குகிறது. அதற்குக் கூலியாக மீத்தேன் வெளியே வரும் என்பது வேறு விஷயம்.

"ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம்" என்று, ஆட்டு மந்தையை வயலில் கிடை போடுகிறவர்கள் சொல்வார்கள். இது கார்பன், நைட்ரஜன் விகிதத்தைப் பற்றிய வாக்கியம். பாக்டீரியா உடம்பில் நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் எட்டுப் பங்கு அளவில் இருக்கும். தின்பதில் பெரும்பகுதியை மூச்சாக விட்டுவிடுவதால், அதன் சாப்பாட்டில் இருபத்து நாலுக்கு ஒன்று என்ற விகிதம் இருந்தால் சரியாகப் போகும். ஆட்டுப் புழுக்கையோடு மூத்திரமும் இறங்குகிற கிடையில் நைட்ரஜன் தாராளம், உபரி உடனே பயிருக்கு வரும். வைக்கோலும் கூளமும் கலந்த மாட்டுக் குப்பை அந்த அளவுக்கு வராது. நெல் வைக்கோலில் விகிதம் எழுபது, எண்பதுக்கு ஒன்று. அதை மடக்கி உழுத கையோடு நட்டால் பாக்டீரியாக்கள் மண்ணிலிருக்கிற நைட்ரஜனையும் பிடுங்கிக்கொள்ள, நாற்று மஞ்சளடித்து நிற்கும். தென்னை மிகுந்த சோழவந்தான் பக்கம் குவிகிற நார்க்கழிவு இன்னும் மோசம், நூற்றுப் பன்னிரண்டுக்கு ஒன்று. லிக்னினும் அதிகம். அதனால்தான் அதைச் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கி மக்கவைத்து, இருபத்து நாலுக்கு ஒன்று வரை இறக்கியபின் நிலத்தில் போடச் சொல்கிறார்கள். கடைசியில் மட்கு என்று தங்கும்போது எதுவாக இருந்தாலும் விகிதம் பத்து, பன்னிரண்டுக்கு ஒன்றில் வந்து நிற்கும். நைட்ரஜன் போடாமல் வெறும் சக்கையால் மட்கைச் சேர்க்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு பழமொழி எனக்குக் கொஞ்சம் சங்கடம் தருகிறது. "சித்திரைப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்." கோடை உழவுக்கு நியாயமான காரணங்கள் உண்டு, மழை ஓடாமல் இறங்கும், கூட்டுப்புழு வெயிலில் சாகும். ஆனால் புழுதி தங்கமாக இருப்பதற்கு வேதியியல் காரணம் ஒன்றும் இருக்கிறது. உழுது காயவிட்ட மண்ணில் பூட்டுகள் உடைகின்றன, நுண்ணுயிர்களில் ஒரு பகுதி செத்துக் காய்கிறது. முதல் மழை விழுந்ததும் பிழைத்தவை எல்லாம் எழுந்து அந்தப் பிணங்களையும் வெளியே வந்த மட்கையும் ஒரேயடியாகத் தின்று தீர்க்கின்றன. மூக்கில் ஏறுகிற அந்த மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருள், ஆக்டினோமைசீட்ஸ் முதலிய நுண்ணுயிர்கள் உண்டாக்கியது. அந்த நாட்களில் மண்ணிலிருந்து நைட்ரஜனும் வெள்ளமாக வரும், கரியமில வாயுவும் வெள்ளமாக வெளியேறும். 1950-களில் ஆப்பிரிக்காவில் இதை அளந்த பர்ச் என்பவரின் பெயரிலேயே இதைச் சொல்கிறார்கள். அந்த வருடப் பயிருக்குத் தங்கம்தான். எடுத்தது பீரோவிலிருந்து. நாலு உழவு ஓட்டுகிற இடத்தில் ஒன்று போதாதா என்று நான் கேட்டதற்குச் சித்தப்பா பதில் சொல்லவில்லை.

பதிலாக வேறு ஒன்று சொன்னார். "எங்க அய்யா காலத்துல கம்மாய்க் கரம்பை அடிச்சுட்டுத்தான் குப்பை அடிப்பாங்க. இப்ப யாரு அடிக்கிறா?"

எனக்கு வேண்டிய விடை அதில் இருந்தது. செவல் காட்டில் மணல் அதிகம், களி பத்து சதவீதம் இருந்தால் பெரிது. இரும்பு ஆக்சைடு இருந்தும் ஒட்ட இடம் போதவில்லை, தங்குமிடம் இல்லாத மட்கு எரிந்துபோகிறது. கரம்பை என்பது மழைநீர் பல ஊர் மேல்மண்ணை அரித்துக் கொண்டுவந்து கண்மாயில் இறக்கிய நைஸான களி. அரசுத் தாளில் வண்டல். அந்தக் காலத்தில் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்களே, அதே மண். எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சுகிற அந்தப் பரப்புதான் காட்டில் மட்கைப் பிடிக்கும். டிப்பருக்கு 3 டன் வீதம் ஏக்கருக்கு முப்பது டிப்பர் அடித்தால் 90 டன், மேல்மண்ணில் பத்தில் ஒரு பங்கு. அதில் களி பாதி என்றால் காட்டின் களி பத்திலிருந்து பதினாலு சதவீதத்துக்கு வந்துவிடும். குப்பை வருடா வருடம் போடவேண்டியது. களியை எந்தப் பாக்டீரியாவும் தின்னாது.

செலவு இருக்கிறது, டீசல் விலையில் அது சின்னக் காசில்லை. கண்மாயில் வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று ஆனபின் அலைச்சல் குறைந்திருக்கிறது. ஆனால் எல்லாக் கண்மாய் மண்ணும் கரம்பை ஆகாது. வரத்துக்கால் வாயில் வேகமாக வந்த தண்ணீர் முதலில் மணலைத்தான் போடும், நைஸ் களி தண்ணீர் அசையாமல் நிற்கிற ஆழத்தில்தான் படியும். மதுரை நகரத்தை ஒட்டிச் சாக்கடை கலக்கிற கண்மாய் என்றால் உப்பு பார்க்காமல் எடுக்கக்கூடாது.

மறுநாள் காலையில் இருவரும் ஊர்க் கண்மாய்க்குப் போனோம். நான் வரத்துக்கால், மடை என்று கையை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். சித்தப்பா நடுப்பள்ளத்தில் வெடித்துக் கிடந்த ஓட்டைப் பெயர்த்து, அடியில் இருந்த ஈரமண்ணை எடுத்துப் பிசைந்தார். உள்ளங்கையில் வைத்துத் திரியாக உருட்டினார். பென்சில் கனம் வந்ததும் இரண்டு முனையையும் வளைத்துச் சேர்த்துச் சின்ன வளையல் மாதிரி ஆக்கி என்னிடம் நீட்டினார். ஓரிடத்திலும் வெடிப்பில்லை.